குனிந்த முதுகுக்குப் பிலாட்டிஸ்: பாய் விரித்து 20 நிமிடம்

"நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றோம், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணங்களில் பிலாட்டிஸ் என்றதும் வரும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் தோட்ட வேலை உடம்பை ஒரே போக்கில்தான் வளைக்கும். பால் மரம் சீவுகிறவருக்கு இடுப்பு முன்பக்கமே மடிகிறது. செம்பனைக் குலை அறுக்கிறவர் நீளக் கம்பு அரிவாளோடு அண்ணாந்தே நிற்கிறார். உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மாவுக்கு நிமிரவே நேரமில்லை. வேலைக்குத் தேவைப்படும் தசை ஓய்வின்றி இறுகிப்போகிறது, தேவைப்படாதது தூங்கிவிடுகிறது. பிலாட்டிஸ் எழுப்புவது அந்தத் தூங்கும் தசையை.

1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் உருவாக்கிய முறை இது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் இதை வளர்த்தெடுத்தார். பெரிய ஊர்களில் ஸ்பிரிங் பூட்டிய ரிஃபார்மர் மேசையில் சொல்லித்தருகிறார்கள். அது இல்லாவிட்டாலும் குறையில்லை, தரைப் பயிற்சியே அடிப்படை. மெத்தையில் செய்யாதீர்கள், இடுப்பு அமுங்கிவிடும். சிமெண்டுத் தரையில் மெங்குவாங் பாயை (தாழை ஓலைப் பாய்) மட்டும் விரித்தால் முதுகெலும்பு முட்டும், பாயும் வழுக்கும். கம்பளியை இரண்டாக மடித்துப் பாய்மேல் போடுங்கள், அல்லது 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடற்பயிற்சிப் பாய் வாங்குங்கள்.

நேரம் முக்கியம். இரவெல்லாம் படுத்திருக்கையில் முதுகெலும்புக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் அதிகம். அதனால் விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்துக்கு) போகுமுன் அவசரமாகச் செய்வதைவிட, சாயங்காலம் குளிக்கப் போகுமுன் செய்வது நல்லது. வயிறு முட்டப் பசியாறியிருந்தால் இரண்டு மணி நேரம் போகட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் தொடங்கவே கூடாது.

முதலில் மூச்சு

முதல் ஒரு வாரம் இதை மட்டும் பழகினாலும் போதும். இது வராமல் கால் தூக்குகிறவர்களுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில் இருக்கட்டும். அடிவயிறு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு கோப்பை தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வைத்தால் எந்தப் பக்கமும் சிந்தக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இடுப்புக்கும் தரைக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். அதை அழுத்தி மூடாதீர்கள்.

இரண்டு பக்க இடுப்பெலும்பின் முனையைத் தொட்டு, அங்கிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி விரலை வையுங்கள். மெல்ல இருமினால் விரலுக்கடியில் ஏதோ இறுகும். அதே சுற்று வட்டாரத்தில்தான் வயிற்றை நாடா மாதிரி சுற்றியிருக்கும் ஆழமான தசையும் இருக்கிறது. மூக்கால் இழுங்கள், விலா பக்கவாட்டில் விரியட்டும். வாயால் விடும்போது பாவாடை நாடாவை இறுக்குவதுபோல் அடிவயிற்றை உள்ளே வாங்குங்கள். சிறுநீரை அடக்குவதுபோல் கீழேயும் லேசாக இறுக்கம் வரும். முழு பலத்தில் வேண்டாம், பத்துக்கு மூன்று பங்கு போதும். விரலுக்கடியில் மெதுவாக இறுகினால் சரி. வயிறு வெளியே புடைத்து விரலைத் தள்ளினால் மூச்சை அடக்குகிறீர்கள் என்று அர்த்தம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது.

பாலம்

அதே படுக்கை. கையை நீட்டினால் விரல் நுனி குதிகாலைத் தொட்டும் தொடாத தூரத்தில் பாதத்தை வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே வால் எலும்பிலிருந்து ஒவ்வோர் எலும்பாகப் பாயிலிருந்து பிரித்தெடுங்கள். தோள்பட்டையிலிருந்து முழங்கால்வரை ஒரே சரிவானதும் நிறுத்தி, ஒரு மூச்சு இழுங்கள். விடும்போது மேலிருந்து ஒவ்வோர் எலும்பாக இறக்குங்கள். எட்டு முறை.

தொடையின் பின்பக்கம் சுளுக்கினால் பாதம் தள்ளியிருக்கிறது, கிட்டே வையுங்கள். இடுப்பில் குத்தினால் அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள். கழுத்தில் பாரம் விழுந்தால் உடனே இறக்குங்கள்.

குப்புறப்படுத்து நீச்சல்

குனிந்தே வேலை செய்கிறவர்கள் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. நெற்றிக்கடியில் துண்டை மடித்து வைத்துக் கைகளை முன்னால் நீட்டுங்கள். வயிற்றை உள்ளே வாங்கி, வலக்கையையும் இடக்காலையும் நாலு விரல் உயரம் தூக்கி இறக்குங்கள், பிறகு மறுபக்கம். பக்கத்துக்கு ஆறு. உயரம் முக்கியமில்லை, கையும் காலும் நீளவேண்டும். குலை அறுக்கிறவர்கள் தலையைத் தூக்கவே வேண்டாம், கழுத்து ஏற்கெனவே அண்ணாந்து களைத்திருக்கும்.

நூறு

இரண்டு வாரம் கழித்துச் சேருங்கள். மல்லாந்து, முழங்காலை நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் மடக்கித் தூக்குங்கள். தலை பாயிலேயே இருக்கட்டும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மேலும் கீழும் சின்னச் சின்னதாக ஆட்டுங்கள்: ஐந்து ஆட்டத்துக்கு மூச்சு உள்ளே, ஐந்துக்கு வெளியே. பத்துச் சுற்று ஆனால் நூறு. முதலில் மூன்று சுற்றே நிறைய. நடுவயிறு மேடாக எழும்பினால் ஒரு காலை இறக்கிவிடுங்கள்.

வாரம் மூன்று நாள் போதும். மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் கோக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இடுப்பு வலிக்கு அதிகம் எதுவும் செய்யாமலிருப்பதைவிடப் பிலாட்டிஸ் மேல் என்றது. மற்ற உடற்பயிற்சிகளைவிட உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்லவில்லை. ஆக, மந்திரம் ஒன்றுமில்லை, ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும். மனத்துக்கு வரும் பலன் அதற்கு முன்பே தெரியும். மூச்சையும் எண்ணிக்கையையும் எலும்பையும் ஒரே நேரத்தில் கவனிக்கையில் கடனும் ஓவர்டைமும் உள்ளே நுழைய இடமிருக்காது. நீளமாக மூச்சு விடுவதால் இதயத் துடிப்பும் தணியும். படுக்கப் போகுமுன் மூச்சுப் பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள்.

நான்கு மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருப்பவர்கள் நெடுநேரம் மல்லாந்து படுக்கக்கூடாது. எலும்பு மெலிந்து பலவீனமான (ஆஸ்டியோபோரோசிஸ்) பாட்டிமார்கள் முதுகைச் சுருட்டி எழும் பயிற்சிகளைத் தொட வேண்டாம். கால் மரத்துப்போவதோடு சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால் பயிற்சி, எண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாயில் பழகியது தோட்டத்திலும் உதவும். உதிரிப் பழக் கோணியையோ பால் வாளியையோ தூக்குமுன் முழங்காலை மடக்கிக் கிட்டே போங்கள். மூச்சை விடத் தொடங்கி அடிவயிறு இறுகிய பிறகு தூக்குங்கள். கோணி உடம்போடு ஒட்டியிருக்கட்டும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல் பாதத்தைத் திருப்புங்கள்.