வா பெடல்: வாங்கும்போதும் மிதிக்கும்போதும் நடக்கும் தவறுகள்

‘ஊ’ என்று ஒரே சுருதியில் பாடத் தொடங்கி, மூச்சு அறுபடாமல் மெதுவாக ‘ஆ’வுக்கு வாருங்கள். சுருதி அப்படியேதான் இருக்கிறது. மாறியது வாயின் வடிவம் மட்டும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அப்படி ஒரு வாயைக் கொடுத்து, அதைத் திறந்து மூடும் வேலையைக் காலிடம் ஒப்படைப்பதுதான் வா பெடல். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

1966-இல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட்லி பிளங்கெட் என்ற பொறியாளர் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றின் டோன் சர்க்யூட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். படிப்படியாக மாறும் சுவிட்ச் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘பாட்’ எனப்படும், மின்தடையைச் சீராக மாற்றும் சுழல் குமிழ் ஒன்றை வைத்தார். அதைத் திருப்பியபோது வந்த ஒலி எல்லோரையும் நிறுத்திக் கேட்க வைத்தது. ஆர்கனுக்கான வால்யூம் பெடலின் கூட்டுக்குள் அந்த சர்க்யூட்டைப் பொருத்தினார்கள். 1967-இல் விற்பனைக்கு வந்த பெடலில் கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞரின் பெயர் இருந்தது. டிரம்பெட்டின் வாயில் மூடியை வைத்து எடுத்து ‘வா வா’ என்று அழவைப்பதில் பேர்போனவர் அவர். கிட்டாருக்கு முன்பே இந்த ஒலி ஊதுகுழல்களிடம் இருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

உள்ளே இருப்பது மிகச் சிறிய சர்க்யூட்: இரண்டு டிரான்சிஸ்டர், சுமார் 500 மில்லிஹென்றி உள்ள ஒரு இண்டக்டர் (கம்பிச்சுருள்), ஒரு 100 கே பாட். இவை சேர்ந்து ஒலியில் ஒரே ஒரு மேட்டை, அதாவது ஒரு அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் ஒலி ஓங்கும் இடத்தை, உண்டாக்குகின்றன. குதிகாலை அழுத்தினால் அந்த மேடு ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். விரல்பக்கம் அழுத்தினால் 2000 ஹெர்ட்ஸ் வரை ஏறும். மேட்டுக்கு இருபுறமும் உள்ள ஒலி தணிந்துவிடும். கால் செய்வதெல்லாம் இந்த மேட்டை ஏற்றி இறக்குவதுதான்.

முதல் தவறு, மிகப் பெரிய தவறும் இதுதான்: தையல் மெஷினை மிதிப்பதுபோல மிதிப்பது. பெடல் கைக்கு வந்த முதல் வாரம் எல்லோர் காலும் தாளத்துக்கு ஏறி இறங்கும். பாட்டு நான்கு அட்சரம் என்றால் நான்கு முறை முன்னும் பின்னும். வாசிப்பது என்ன ஸ்வரமாக இருந்தாலும், வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தாலும், காலுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஒருவர் பேசும்போது சொல்லோடு சம்பந்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது அந்த வாசிப்பு.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. பெடலை ஓரமாக வைத்துவிட்டு, வாசிக்கப்போகும் வரியை முதலில் வாயால் பாடுங்கள். ‘வா’, ‘வாவ்’, ‘ஊஆ’, ‘ஈயா’ என்று என்ன வருகிறதோ அப்படியே வரட்டும். எந்த ஸ்வரத்தில் வாய் திறக்கிறது, எதில் பாதியில் நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு பெடலில் கால் வைத்து அதையே செய்யுங்கள். நீளமான ‘பெண்ட்’ (கம்பியைத் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) வாசிக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். கம்பியைத் தள்ளத் தொடங்கும்போது குதிகால் கீழே. ஸ்வரம் உச்சியை எட்டும் அதே நொடியில் விரல்பக்கம் கீழே. கையும் காலும் ஒன்றாகப் போய்ச் சேரும்போது கிட்டார் கேவி அழும். கால் முந்தினாலோ பிந்தினாலோ அந்த அழுகை கெட்டுவிடும். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு அசைவு போதும். சில ஸ்வரங்களுக்கு அசைவே வேண்டாம்.

தாளத்தோடு மிதிப்பதே கூடாது என்று சொல்லவில்லை. ஃபங்க் இசையில் அதுதான் உயிர். 1971-இல் ஐசக் ஹேய்ஸ் இசையமைத்த ‘ஷாஃப்ட்’ படத்தின் தலைப்பு இசையில் சார்லஸ் ‘ஸ்கிப்’ பிட்ஸ் வாசித்த ‘வக்கா வக்கா’வைக் கேட்டுப் பாருங்கள். இடது கை கம்பிகளை லேசாகத் தொட்டு அடக்கியிருக்க, வலது கை ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே கிட்டாரே ஒரு தாள வாத்தியம். அதனால் காலும் தாளம் போடலாம். ஆனால் அதே காலை அப்படியே சோலோவுக்குள் கொண்டுவந்தால் சோலோ செத்துவிடும்.

அடுத்தது, வாசிக்கும் இடத்தைப் பார்க்காமல் மேலிருந்து கீழ்வரை முழுக்க மிதிப்பது. தடித்த ஆறாம் கம்பியைத் திறந்து மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். பெடலின் மேடு தொடங்குவதே 400-க்குப் பக்கத்தில். ஆக, அங்கே பாடுவது அடிப்படை ஸ்வரம் அல்ல, அதன்மேல் அடுக்கடுக்காக எழும் மேல் ஸ்வரங்கள். மேடு அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஏறுவதால்தான் ‘ஊஆஈ’ என்று கேட்கிறது. மேல் ஸ்வரங்கள் இல்லாத ஒலியில் இந்தப் பெடலுக்கு வேலை இல்லை. துருப்பிடித்த பழைய கம்பி, கழுத்துப் பக்க பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பகுதி), முழுக்க மூடிய டோன் குமிழ் மூன்றும் சேர்ந்தால், பெடல் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒலி மந்தமாகிவிடும். கம்பியை மாற்றி, பிரிட்ஜ் பிக்கப்புக்கு வந்து, டோனைத் திறந்துவிட்டுப் பிறகு பெடலைக் குறை சொல்லுங்கள்.

மெல்லிய முதல் கம்பியில் கதை நேர் எதிர். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அடிப்படை ஸ்வரமே 659 ஹெர்ட்ஸ். அங்கே குதிகாலை முழுக்க அழுத்தினால் மேடு ஸ்வரத்துக்கும் கீழே போய்விடும், ஸ்வரம் விழுங்கப்படும். மேடையில் சோலோ உச்சத்துக்குப் போகும்போது திடீரென்று கிட்டார் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேல் ஃபிரெட்டுகளில் பெடலின் முன்பாதியில் மட்டும் காலை ஆட்டுங்கள்.

சுவிட்ச் இருப்பது விரல்பக்கத்தின் அடியில் என்பதால் இன்னொரு தொல்லை. ஆன் செய்யும் நொடியில் பெடல் கூர்மையான உச்சத்தில் இருக்கும். ஆன் செய்துகொண்டே ஸ்வரத்தை அடித்தால் காதைக் கிழிக்கும். வரி தொடங்குவதற்குச் சற்று முன்னால் கம்பிகளை அடக்கிக்கொண்டு கிளிக் செய்து, காலைப் பின்னால் இழுத்து, பிறகு வாசிக்க வேண்டும். இதற்கும் தனியாகப் பயிற்சி தேவை. வீட்டில் வெறுங்காலோடு, நாற்காலியில் உட்கார்ந்து பழகிவிட்டு, மேடையில் ஷூ போட்டு நின்றால் சுவிட்ச் எங்கே அழுந்துகிறது என்றே தெரியாது. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பிருந்தாவது ஷூவோடு நின்று பழகுங்கள். எடை முழுதும் மற்றக் காலில் இருக்கட்டும். பெடலில் இருக்கும் கால் கணுக்காலிலிருந்து அசைந்தால் போதும்.

பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நினைப்பும் தவறு. பாதி வழியில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அப்படியே வாசித்தால் மூக்கால் பாடுவதுபோல ஒரு தனிக் குரல் கிடைக்கும். ராக் கிட்டார் கலைஞர் மைக்கேல் ஷெங்கரின் சோலோக்களை அடையாளம் காட்டும் ஒலி அதுதான். எனக்கு வா பெடலில் மிகவும் பிடித்தது இந்த அசையாத நிலை. நிறுத்தும் இடத்தை ஒரு அங்குலத்தின் சிறு பங்கு மாற்றினாலும் குரல் வேறொன்றாகிவிடும்.

வாங்கும்போது நடக்கும் தவறுகளுக்கு வருவோம். பெட்டியின்மேல் பெரிய கலைஞர் ஒருவரின் பெயர் இருப்பதைப் பார்த்து வாங்குவது முதலாவது. அவருடைய கிட்டார், ஆம்ப், சத்தத்தின் அளவு, எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய கால், எதுவும் அந்தப் பெட்டிக்குள் வராது. உங்கள் கிட்டாரைக் கடைக்கு எடுத்துப் போய், நீங்கள் வழக்கமாக வாசிக்கும் வரியை வாசித்துப் பாருங்கள். ஆட்டோ வாவை வா பெடல் என்று நினைத்து வாங்கிவிட்டு வருந்துகிறவர்களும் உண்டு. அதில் மிதிப்பதற்கு எதுவும் இல்லை. கம்பியை எவ்வளவு பலமாக அடிக்கிறீர்கள் என்பதைப் பார்த்து அதுவே மேட்டை நகர்த்தும். அதுவும் நல்ல கருவிதான், ஆனால் வேறு கருவி. பேஸ் கிட்டாருக்கு வாங்குவதாக இருந்தால், கீழ் ஒலியை இழக்காத பேஸ் வா பெடல் தனியாக இருக்கிறது.

‘ட்ரூ பைபாஸ்’ என்ற சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன்னால் அதன் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆஃப் செய்ததும் உள்சர்க்யூட்டை முற்றிலும் விலக்கிவிடும் ஏற்பாடு அது. பழைய வா பெடல்களில் ஆஃப் செய்த பிறகும் உள்சர்க்யூட் கிட்டாரோடு இணைந்தே இருக்கும், அதனால் ஒலியின் கூர்மை குறையும். உண்மையான குறைதான். ஆனால் பின்னாளில் வந்த பல மாடல்களில் உள்ளேயே பஃபர் என்ற, சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் சிறு சர்க்யூட் ஒன்றை வைத்து இதைச் சரிசெய்துவிட்டார்கள். நீளமான கேபிள்களோடு வாசிப்பவருக்கு நல்ல பஃபர் ஒன்று உபகாரமே தவிர உபத்திரவம் இல்லை.

பல பெடல்கள் இருந்தால் வரிசையில் வாவை எங்கே வைப்பது? கிட்டாரிலிருந்து நேராக வா, அதன்பிறகு டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) என்பதுதான் பெரும்பாலோர் வழி. டிஸ்டார்ஷனுக்குப் பிறகு வைத்தால் மேடு இன்னும் பலமாக, சிந்தசைசர்போலக் கேட்கும். இரண்டும் சரி. எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் பெடல்கள் இரண்டையும் மட்டும் வாவுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால், முடிந்துபோன ஸ்வரத்தின் எதிரொலியையும் உங்கள் கால் ஆட்டிக்கொண்டிருக்கும்.

உண்மையில் தலைவலி கொடுப்பது ஃபஸ் என்ற, டிஸ்டார்ஷனின் முரட்டு வகைப் பெடல். ஃபஸ் ஃபேஸ் வகை பெடலுக்கு முன்னால் வாவை வைத்தால், மிதித்தும் ஒலி அசையாது, சில நேரம் ஊளையிடும். பெடல் கெட்டுவிட்டது என்று இதற்காகத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டது எதுவும் இல்லை. ஃபஸ்ஸின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. அது வாவின் வெளியீட்டைக் கீழே இழுத்துவிடுகிறது, மேடு சரிந்துவிடுகிறது. ஃபஸ்ஸை முன்னால் கொண்டுபோங்கள். அந்த ஒலி பிடிக்கவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பஃபர் வையுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். என்றாலும் சாக்கெட் பக்கத்தில் இருக்கும் சிறு படத்தைப் பார்க்காமல் அடாப்டரைச் செருகாதீர்கள். பேட்டரியில் ஓட்டுபவர்கள் வாசித்து முடித்ததும் உள்ளீட்டு ஜாக்கிலிருந்து கேபிளைக் கழற்ற வேண்டும். பேட்டரியை இணைப்பது அந்த ஜாக்தான், கால் சுவிட்ச் அல்ல. கேபிளைச் செருகியபடியே விட்டுவிட்டுப் போனால் பெடல் ஆஃபில் இருந்தாலும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

கடைசியாகப் பராமரிப்பு. தெரிந்த பையன் ஒருவன் பெடலைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணா, எவ்வளவு மிதிச்சாலும் ஆன் ஆக மாட்டேங்குது. சுவிட்ச் போயிடுச்சு, மாத்தணும்னு கடையில சொல்லிட்டாங்க.” அடியில் ரப்பர் கால்களைப் பிடித்திருந்த நான்கு திருகுகளைக் கழற்றித் தகட்டை எடுத்தோம். சுவிட்ச்சைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து, சுவிட்ச் சில மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. மேல்பலகை அதன் தலையைத் தொடவே இல்லை. சுவிட்ச்சை மேலே தூக்கி வைத்து நட்டை இறுக்கினோம். அவனையே மிதிக்கச் சொன்னேன். கிளிக். பெடல் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பலகையின் அடியில் ஒட்டியிருக்கும் மெத்தை தேய்ந்து போனாலும் இதே கோளாறு வரும்.

மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் ‘பாட்’ என்ற சுழல் குமிழில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை அதன் இடுக்கில் கொஞ்சம் அடித்து, முழு வீச்சில் முப்பது நாற்பது முறை மிதியுங்கள். தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ அங்கே விடவே விடாதீர்கள். தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பாட்டைக் கொன்றுவிடும். கிளீனருக்கும் அடங்காவிட்டால் பாட்டை மாற்ற வேண்டியதுதான். அப்போது ஏதோ ஒரு 100 கே பாட்டை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். வா பெடலுக்கான பாட்டில் மின்தடை மாறும் விதமே தனி. சாதாரணப் பாட்டைப் போட்டால் முழு ‘வா’வும் மிதியின் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும்.

பாட்டின் முனையில் ஒரு சிறு பல்சக்கரம், அதைத் திருப்ப மேல்பலகையிலிருந்து இறங்கும் ஒரு பல்சட்டம். இரண்டும் எந்தப் பல்லில் கோத்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் மேடு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது அமைகிறது. உங்கள் பெடல் உச்சத்தில் மிகவும் கூர்மையாகக் கத்தினால், இப்போதிருக்கும் நிலையைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, சட்டத்தைச் சற்று விலக்கி, சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்திக் கோத்து வாசித்துப் பாருங்கள். இன்னும் கூர்மையானால் மறுபக்கம் ஒரு பல்.