பெண் குழந்தைக்குத் தனித்துவமான ஜெர்மன் பெயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெயர் தேடத் தொடங்குபவர்கள், தவிர்க்க வேண்டிய பெயர்களை முதலில் அறிந்துகொள்வது நல்லது. வீஸ்பாடன் நகரில் இயங்கும் ஜெர்மன் மொழிச் சங்கம், பதிவு அலுவலகங்களிலிருந்து விவரங்களைத் திரட்டி, அதிகம் சூட்டப்பட்ட பெயர்களின் பட்டியலை 1977ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. எமிலியா, எம்மா, சோஃபியா, ஹன்னா, மியா ஆகிய பெயர்கள் பல ஆண்டுகளாக அதன் முன்வரிசையில் இருக்கின்றன. அழகான பெயர்கள்தாம், ஆனால் இவற்றில் எம்மாவைத் தவிர எதுவும் ஜெர்மானிய வேரிலிருந்து வந்ததல்ல, எதைச் சூட்டினாலும் மழலையர் பள்ளியில் அதே பெயருடைய வேறொரு குழந்தை இருக்கும்.

பட்டியலில் இல்லாத பெயரெல்லாம் தனித்துவமானது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஒரு பெயர் இன்று எத்தனை குழந்தைகளுக்குச் சூட்டப்படுகிறது என்பதைவிட, அதைக் கேட்டவுடன் எந்தத் தலைமுறையின் முகம் நினைவுக்கு வருகிறது என்பதே முக்கியம். சபீனெ, பெட்ரா, பிர்கிட் போன்றவை பிறந்த குழந்தைகளிடையே இன்று அரியவை. ஆயினும் 1950, 1960களில் பிறந்த பெண்களிடம் அவை நிறைந்திருப்பதால், அப்பெயருடைய சிறுமியைப் பார்ப்பவர்களுக்கு ஓய்வுபெறும் வயதிலுள்ள ஓர் அலுவலகப் பெண்மணியே நினைவுக்கு வருவார். மாறாக, கொள்ளுப்பாட்டிகளின் பெயர்கள் மீண்டும் புதிதாக ஒலிக்கின்றன. ஃப்ரீடா, ஈடா, மட்டில்டா ஆகியவை அவ்வாறு திரும்பி வந்து, ஏற்கெனவே பரவலாகிவிட்டன. எனவே அதே காலத்தைச் சேர்ந்த, இன்னும் அந்த அளவுக்குப் பரவாத ஹெட்விக், ஆடெல்ஹைட், ஓட்டீலியெ போன்றவற்றின் பக்கம் பார்வையைத் திருப்பலாம். ஆடெல்ஹைட் கனமாகத் தோன்றினால், உலகறிந்த ஹைடி என்னும் செல்லப்பெயர் அதிலிருந்து வந்ததுதான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

ஹெட்விக், ஆடெல்ஹைட் இரண்டும் பழைய ஜெர்மானிய முறைப்படி இரு சொற்களை இணைத்து ஆக்கப்பட்டவை. போர், வெற்றி, புகழ், வலிமை, காவல் முதலியவற்றைக் குறிக்கும் சொற்கள் பெண்களின் பெயர்களிலும் தயக்கமின்றி இடம்பெற்றன. ஹில்டெகார்ட் என்பதில் போரும் காவலும், கெர்ட்ரூட் என்பதில் ஈட்டியும் வலிமையும், மெஹ்டில்ட் என்பதில் ஆற்றலும் போரும் சேர்ந்திருக்கின்றன. இவ்வகைப் பெயரை எடுப்பவர்கள் அதற்குப் பின்னுள்ள வரலாற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஹில்டெகார்ட் என்றால், இசையும் மருத்துவமும் இறையியலும் எழுதிய, 1179இல் மறைந்த பிங்கன் நகரத் துறவியை நினைப்பவர்கள் பலர். அது பெயருக்குச் சிறப்பு. ரோமானியப் படையை முறியடித்த ஜெர்மானியத் தலைவன் அர்மினியுஸின் மனைவியான தூஸ்னெல்டாவின் பெயரோ, பெண்களை இழிவாகக் குறிக்கும் ‘டுஸ்ஸி’ என்னும் கொச்சைச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. வரலாற்றுப் பெருமைக்காக அதைச் சூட்டினால் குழந்தைதான் பள்ளியில் துன்பப்படும். ப்ரூன்ஹில்டெ, ஸீக்லிண்டெ போன்ற காவியப் பெயர்களில் தேசியவாத காலத்தின் வாடை இன்னும் சிலருக்கு அடிக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் நூற்றாண்டுகளைப் புரட்டுவதைவிட நிலப்படத்தை விரிப்பதே சிறந்த வழி என்பது என் கருத்து. வடகடல் கரையோரத்திலும் ஃப்ரீஸிய வட்டாரத்திலும், ‘கெ’ என்றும் ‘ட்யெ’ என்றும் முடியும் செல்லப்பெயர்கள் தொன்றுதொட்டு வழங்குகின்றன. அவற்றுள் ஸில்கெ, ஹைகெ, அங்கெ ஆகியவை 1960களில் நாடெங்கும் பரவி, கடற்காற்றை இழந்துவிட்டன. வீப்கெ, ஸ்வான்ட்யெ, கேஸ்கெ போன்றவை இன்றும் அக்கரையை விட்டு அதிகம் நகரவில்லை. தெற்கே, பெயர்கள் நகரங்களின் புனிதர்களோடு பிணைந்திருக்கின்றன. வால்புர்கா ஐஹ்ஷ்டெட் நகருக்குரியவர்; குனிகுண்டெ, பாம்பெர்க் பேராலயத்தில் தம் கணவர் பேரரசர் இரண்டாம் ஹைன்ரிஹுடன் அடக்கம் செய்யப்பட்ட பேரரசி; ஸ்விட்சர்லாந்தின் ஸூரிக் நகரம், தன் காவல் புனிதர்களில் ஒருவரான ரெகுலாவை இன்றும் மறக்கவில்லை. அவுக்ஸ்புர்க் நகரின் அஃப்ரா என்னும் பெயர் எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது: அதன் வேர் லத்தீன் என்றாலும், அது குறுகியது, பழமையானது, எழுத்துப் பிழைக்கு இடமற்றது. கத்தோலிக்கக் குடும்பத்தில் ஆகஸ்ட் 7ஆம் நாள் அதற்குரிய பெயர்த் திருநாளும் (அப்பெயருடைய புனிதரின் நினைவு நாள்) கிடைத்துவிடும். இத்தகைய பெயரை எடுக்கும்போது, அவ்வட்டாரத்தோடு குடும்பத்துக்கு ஏதேனும் தொடர்பு இருப்பது நன்று. ம்யூனிக்கில் வளரும் கேஸ்கெவிடம், ‘நீ வடக்கிலிருந்து வந்தவளா?’ என்று எல்லாரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

குடும்பத்தில் இரு பாட்டிகளின் பெயரையும் விட மனமில்லாதவர்களுக்கு இணைப்புப் பெயர்கள் கைகொடுக்கும். எலிஸபெத், ஷார்லொட்டெ இரண்டும் சேர்ந்து லீஸெலொட்டெ ஆனதும், அன்னாவும் மார்கரேட்டெவும் சேர்ந்து அன்னெக்ரேட் ஆனதும் இப்படித்தான். 1901இல் பெர்லினில் மரீ மக்டலேனெ என்ற பெயரோடு பிறந்த நடிகை டீட்ரிஹ், அவ்விரண்டையும் சுருக்கியே மர்லேனெ ஆனார்.

இரண்டு மூன்று பெயர்கள் தேறியதும், குடும்பப் பெயரோடு சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். குடும்பப் பெயர் ஓரசையாக இருந்தால் நீண்ட முதற்பெயர் பொருந்தும். முன்பெயரின் இறுதி ஒலியிலேயே குடும்பப் பெயர் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதலெழுத்துகள் சேர்ந்து நாஜி அமைப்புகளின் சுருக்கமாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாகன எண் பலகைகளில்கூட அத்தகைய எழுத்துச் சேர்க்கைகள் ஜெர்மனியில் மறுக்கப்படுகின்றன. வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் கவனிப்பது அவசியம். யோஹன்னாவை ஆங்கில வழக்கப்படி ‘ஜொஹானா’ என்றும், வீப்கெவை ‘வைப்கி’ என்றும் படிப்பவர்கள் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்படுவார்கள். கேத்தெ என்பதுபோல் மேலே இரு புள்ளிகள் இடப்பட்ட உயிரெழுத்துள்ள பெயர்கள், கடவுச்சீட்டில் கணினி படிக்கும் வரியில் அந்த ஓர் எழுத்துக்கு ஈரெழுத்தாக அச்சாகும். பயணச்சீட்டு எடுக்கும்போது இது குழப்பம் தரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பிறப்பைக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் அதை மட்டும் பிறந்த ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கலாம். குழந்தையின் நலனுக்குக் கேடு விளைவிக்கும் பெயரை அலுவலர் மறுக்கலாம். முற்காலத்தில் பெயரிலேயே பாலினம் தெளிவாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள்; கிரண் என்னும் இந்தியப் பெயர் சூட்டப்பட்ட ஒரு பெண் குழந்தையின் வழக்கில், 2008 டிசம்பரில் கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் அக்கட்டாயத்துக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று கூறியது. அரிய பெயர் குறித்து அலுவலர் ஐயப்பட்டால், மேலே சொன்ன மொழிச் சங்கத்திடம் கட்டணம் செலுத்திச் சான்று பெறலாம்.

பதிவான பெயரைப் பின்னர் மாற்றுவதற்கு முக்கியமான காரணம் காட்ட வேண்டும் என்பதால், துணிச்சலான பெயரோடு எளிய பெயர் ஒன்றையும் சேர்த்துப் பதிந்துவைப்பது விவேகம். கணிதமேதை நோய்தெர் அம்மையாரின் முதற்பெயர் அமாலியெ. அவரை உலகம் அறிந்ததோ இரண்டாம் பெயரான எம்மி என்பதால்தான். 2018 நவம்பர் முதல், பல முன்பெயர்கள் உள்ளவர்கள் அவற்றின் வரிசையைப் பதிவு அலுவலகத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இணைப்புக்கோடு இட்டு எழுதிய இரு பெயர்கள் ஒரே பெயராகக் கருதப்படும். அவற்றை இவ்வழியில் பிரிக்க இயலாது என்பதால், விண்ணப்பத்தில் கோடு இடுவதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.