சுருக்கென்று குத்தினால் தசை வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை

மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைக்கும், வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் இ.எம்.எஸ். கருவி ஒன்றைப் புதிதாக வாங்கியவர் சென்ற வாரம் தன் தொடையைக் காட்டினார். நாணயம் அளவுக்குச் சிவந்து, நடுவில் தோல் கன்றிப்போயிருந்தது. "லெவலை ஏத்தினாத்தான் சார் பிடிக்குது" என்றார். கருவி வாங்கிய புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தொடையிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. கருவிக்குப் புதியவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். சார்ஜ் போட மறப்பது, வயரைத் தளர்வாகச் செருகுவது எல்லாம் இரண்டே நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காய்ந்த பேடை வைத்துக்கொண்டு லெவலை ஏற்றுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். தோலில் ஒட்டும் பேடில் இருக்கும் ஜெல் வெறும் பசை இல்லை. மின்சாரத்தைப் பேட் முழுக்கப் பரப்பித் தோலுக்குள் இறக்குவது அதுதான். எண்ணெயும் லோஷனும் இறந்த தோலும் ஒட்டி ஒட்டி ஜெல் காய்ந்துவிடும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். பல கருவிகள் மின்தடை கூடினாலும் நாம் வைத்த மின்னோட்டத்தைக் குறைக்காமல் தள்ளவே பார்க்கும். தோலைத் தொடும் பரப்பு பாதியானால் அந்த இடத்தில் மின்னோட்ட அடர்த்தி இரண்டு மடங்கு. காயம் அங்கேதான் ஆகிறது.

நான் ஏமாந்தது எதில் என்றால், அந்தக் குத்தலை 'வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொண்டதில். குத்தலை உணர்வது தோல் நரம்பு. தசையைச் சுருக்குவது இயக்க நரம்பு. முதலாவது கத்திக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சும்மா கிடக்கலாம். தசை இறுகுகிறதா என்று கையை வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாகி, பிறகு தளர வேண்டும். ஊசி குத்துவது போலவோ எரிச்சலாகவோ இருந்தால் லெவலை ஏற்றாதீர்கள். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கருவியை அணைத்துவிட்டு, பேடை எடுத்துப் பாருங்கள்.

அந்த நண்பரின் இன்னொரு தொடையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, புதுப் பேட் ஒட்டினோம். 40-ல் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவருக்கு 22-லேயே தசை திரண்டு எழுந்தது. அவரே அசந்துபோனார்.

பேடைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், ஓரத்தைப் பிடித்து உரியுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி அதன் பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி வையுங்கள். 20, 30 தடவைக்குப் பிறகும் ஒட்டுகிறதே என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். தோலில் ஆன தழும்பு எளிதில் போகாது.

டென்ஸ் மோடில் தசைப் பயிற்சி

பல கருவிகளில் கூடவே வரும் டென்ஸ் மோட், நரம்பைத் தூண்டி வலியைக் குறைப்பதற்கானது. அதில் மணிக்கணக்காக உட்கார்ந்தாலும் தசை வளராது.

ஓய்வே விடாமல் ஓட்டுவது

நாமாகத் தசையை இயக்கும்போது உடல் இழைகளை மாற்றி மாற்றி வேலை வாங்கும். கருவிக்கு அது தெரியாது. ஒரே இழைகளை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பத் தூண்டும், அதனால் சீக்கிரம் களைத்துவிடும். 10 விநாடி சுருக்கம் என்றால் அப்புறம் 30 முதல் 50 விநாடி ஓய்வு. ஒரு தசைக்கு 15, 20 நிமிடம் போதும்.

முதல் நாளே உச்சம்

உடல் முழுக்க உடை மாதிரி போட்டுக்கொள்ளும் கருவிகளில் இது உண்மையிலேயே ஆபத்து. பெரிய தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அளவு மீறி உழைத்தால் தசை இழைகள் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலி அன்றே முழுதாகத் தெரியாது, இரண்டு மூன்று நாளில் ஏறும். கை கால் பலவீனமாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள்.

தொப்பை கரையும் என்று நம்புவது

கரையாது. உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பு போகும் என்று விற்ற மூன்று வயிற்று பெல்ட்டுகளின் விளம்பரங்கள் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2002-லேயே வழக்குப் போட்டது.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்குவது

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ உடலுக்குள் இருந்தால் கூடவே கூடாது. கர்ப்பம், வலிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். கழுத்தின் முன்பக்கம், தலை, மார்பின் குறுக்கே பேட் ஒட்டுவது யாருக்குமே வேண்டாம்.