கடலோரப் பழைய வீட்டில் படுக்கையறையைப் புதுப்பிக்கும் முன்

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் பழைய வீட்டில் ஓர் அறையைப் புதுப்பிப்பதென்றால் எல்லோரும் முதலில் பெயிண்ட் கடைக்குப் போகிறார்கள். நீங்கள் முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள்.

எங்கள் வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லி, கடைசியில் தட்டோடு என்னும் தட்டையான ஓடு. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். மேலாக நறுக்கினால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். தட்டோட்டின் இடுக்குகளையும் மழைநீர்க் குழாயின் வாயையும் ஐப்பசிக்கு முன்பே சரிசெய்யுங்கள்.

அப்புறம் ஏணி போட்டு அறைக்குள் கட்டைகளைப் பாருங்கள். நடுவில் தட்டிப் பார்த்து "நல்லா இருக்கு" என்பார்கள். பெரும்பாலும் கெடுவது சுவருக்குள் நுழையும் முனைதான். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். கெட்டியாக நின்றால் சரி. மெத்தென்று உள்ளே போனாலோ, கரையான் மண்கோடு தெரிந்தாலோ, வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். ஒழுகலும் கரையானும் அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

இனி சுவர். மாமியாரின் அறையில் தரையிலிருந்து இடுப்பளவு வரை உப்புப் பூத்திருந்தது. விரலால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டும். மேஸ்திரி, "சிமென்ட் பூசிட்டா விட்டுது தொல்லை, அம்மா" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுண்ணாம்பில் கட்டிய சுவர் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியே விடும். சிமென்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறிப் பூச்சைத் தள்ளும்.

செய்ய வேண்டியது இது. விரல் மூட்டால் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டொக்கு டொக்கு' என்று பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. ஈரக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை அதைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்கில் உதிரும் சாந்தைச் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, தூளை முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள் போய்விடும். பங்குனி, சித்திரை வெயிலில் ஜன்னலைத் திறந்துவைத்து நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு உடனே பூசினால் அத்தனை வேலையும் வீண்.

பூச்சுக்கு ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. உப்பு மணல் கூடவே கூடாது. மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசி, நேரடி வெயில் படாமல் சாக்குத் தொங்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளியுங்கள். சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும், அதனால் பொறுமை வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. வேலை செய்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். நிறம் வேண்டுமென்றால் அதிலேயே கொஞ்சம் காவி கலக்கலாம்.

மரப்பட்டியில் ஓடும் பழைய வயரை முழுசாக மாற்றுங்கள். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, ஏசிக்குத் தனியாக 4. எர்த் இல்லாமல் ஏசி மாட்டாதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடுங்கள். ஆணி, கொக்கி, கீல் எல்லாம் துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ இருக்கட்டும். மண்ணடியில் தேடினால் கிடைக்கும். சாதா இரும்பு இந்த உப்புக் காற்றுக்குத் தாங்காது.

சிவப்பு ரெட் ஆக்சைடு தரை இருந்தால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். விரிசலை அடைத்து, தேய்த்து மெருகேற்றினாலே பளபளக்கும்.

கட்டில், பீரோ எதையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இரும்பு பீரோவின் பின்பக்கத்தை வருடம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், துரு தொடங்கினால் அப்போதே தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம்.