‘பிக் அப்’: எதை, யாரை என்று கேட்டுப் பொருள் காணும் முறை

ஆங்கில அகராதியில் ‘பிக் அப்’ என்ற வினையைத் தேடினால், தூக்குதல், ஏற்றிச்செல்லுதல், கற்றுக்கொள்ளுதல், நோய் தொற்றுதல், தேறுதல், கைதுசெய்தல் என ஒன்றோடொன்று உறவில்லாதவைபோலத் தோன்றும் பொருள்கள் வரிசையாக நிற்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர் பலர் அந்த வரிசையை அப்படியே மனப்பாடம் செய்ய முனைகிறார்கள். அது வீண் உழைப்பு. பொருளைத் தீர்மானிப்பது வினை மட்டுமன்று, அந்த வினை எதன்மேல் செல்கிறது என்பதும்தான். இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதும் அன்று. 1755 இல் வெளிவந்த தமது அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜோன்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வகைச் சேர்க்கைகளே பிறமொழியாளருக்கு மிகுந்த தொல்லை தருபவை என்று குறிப்பிட்டிருக்கிறார்.

தமிழ் இலக்கண வகுப்பில் படித்த செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்ற பாகுபாடு இங்கே நேராகக் கைகொடுக்கும். வாக்கியத்தில் ‘பிக் அப்’ வந்தவுடன் ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அது குன்றிய வினை. அப்போது பொருள் பெரும்பாலும் ‘முன்பு இருந்ததைவிடக் கூடுதல் அல்லது நன்றாதல்’ என்பதற்குள் அடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது காற்று ‘பிக் அப்’ ஆகிறது. அங்கே ‘இன்க்ரீஸ்’, ‘ஸ்ட்ரென்தன்’ ஆகியவை ஒத்த சொற்கள். 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பற்றிய செய்தியில் விலைகள் ‘பிக் அப்’ ஆயின என்றிருந்தால், சரிந்திருந்த விலை மீண்டது என்று கொள்ள வேண்டும். ‘ரிகவர்’, ‘இம்ப்ரூவ்’ அங்கே பொருந்தும்.

இந்தக் கேள்வியின் பயனை அறிய இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ‘ஷீ பிக்ட் அப் எ கோல்ட்’ என்றால் அவளுக்குத் தடிமன் பிடித்துவிட்டது. ‘ஷீ இஸ் பிக்கிங் அப்’ என்றால், நோயாளியைப் பற்றிய பேச்சில், அவள் தேறிவருகிறாள். வினை ஒன்றே, எழுவாயும் ஒன்றே. ‘எதை?’ என்ற கேள்விக்கு முதலாவதில் ‘தடிமனை’ என்று விடை இருக்கிறது, இரண்டாவதில் விடை இல்லை. அதனால் ஒன்று நோயில் விழுவதாகவும் மற்றது நோயிலிருந்து எழுவதாகவும் ஆகிவிடுகின்றன. வைத்தியசாலையில் இருக்கும் தாயாரைப் பற்றி வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. தொற்றும் பொருளில் பேச்சுக்கு ‘கெட்ச்’ போதும். மருத்துவ அறிக்கை போன்ற எழுத்துக்குக் ‘கொன்ட்ராக்ட்’ தகும்.

விடை கிடைத்தால், அது எவ்வகைப் பொருள் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். பதுளைக்குச் செல்லும் புகையிரதம் ஹட்டனில் பயணிகளை ‘பிக் அப்’ செய்கிறது. தீவின் மிக உயரமான நிலையமாகிய பட்டிப்பொலையைக் கடந்து ஒஹியாவை நோக்கி இறங்கும்போது வேகத்தை ‘பிக் அப்’ செய்கிறது. ஆளாக இருந்தால் ஏற்றிக்கொள்ளுதல், வேகமாக இருந்தால் கூட்டிக்கொள்ளுதல். முன்னதற்குக் ‘கலெக்ட்’, பின்னதற்குக் ‘கெய்ன்’ என்று மாற்றலாம். ஒன்றன் இடத்தில் மற்றதை வைத்தால் வாக்கியம் நிற்காது. ஏற்றத்தில் திணறும் முச்சக்கரவண்டியைப் ‘பிக்கப் இல்லை’ என்று சாரதிகள் சொல்வதும் இந்த வேகப் பொருளிலிருந்து கிளைத்ததுதான்.

கையில் பிடிக்கக்கூடிய பொருளாக இருந்தால், கீழே இருப்பதைக் கையில் எடுத்தல் என்பதே பொருள். இதற்கு ‘லிஃப்ட்’ என்பதை ஒத்த சொல்லாகப் பலரும் கற்பிக்கிறார்கள்; ஆனால் ‘லிஃப்ட்’ என்பதில் பாரமும் உயர்த்தும் முயற்சியும் முன்னிற்கும். நிறைந்த கொழுந்துச் சாக்கை லொறியில் ஏற்றுவதற்கு ‘லிஃப்ட்’ பொருத்தம். தரையில் கிடக்கும் பேனைக்கு ‘பிக் அப்’ பொருத்தம். மலையகத்து மாணவர் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொழுந்து பறிப்பதற்கு இலங்கை ஆங்கிலத்தில் நிலைத்த சொல் ‘ப்ளக்’. வெளிநாட்டுப் பயணிகள் ‘பிக்’ என்றும் சொல்வார்கள், அதுவும் பிழையன்று. ஆனால் கட்டுரையில் ‘பிக் அப்’ என்று எழுதிவிட்டால், செடியிலிருந்த கொழுந்து நிலத்தில் சிந்திக் கிடந்த கொழுந்தாகிவிடும்.

மொழியோ பழக்கமோ கைத்தொழிலோ விடையாக வந்தால், வகுப்பில்லாமல் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொள்ளுதல் என்பது பொருள். புறக்கோட்டைக் கடையில் வேலைக்குப் போன இளைஞர் சில மாதங்களில் சிங்களத்தை ‘பிக் அப்’ செய்துவிடுகிறார். ‘லேர்ன்’ இதற்கு ஒத்த சொல்தான், ஆனாலும் அதில் இந்தத் தானாகப் படியும் தன்மை இல்லை. ஆகவே, முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்றவர் வேலை விண்ணப்பத்தில் ஆங்கிலத்தை ‘பிக் அப்’ செய்ததாக எழுதுவது தம் படிப்பைத் தாமே குறைத்துக்கொள்வதாகும்; அங்கே ‘ஸ்டடி’ என்றே எழுத வேண்டும். தமிழில் கற்றுக்கொள், தொற்றிக்கொள், ஏற்றிக்கொள், வாங்கிக்கொள் என்று ‘கொள்’ சேர்ந்து வரும் இடங்கள் பலவற்றில் ‘பிக் அப்’ இயல்பாகப் பொருந்துவதைக் காணலாம். இதை விதியாகக் கொள்ள முடியாது; நினைவுக்கு உதவும், அவ்வளவுதான்.

எஞ்சியவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். தொலைபேசியை ‘பிக் அப்’ செய்தால் ‘ஆன்சர்’. வானொலி அலையையோ சிக்னலையோ என்றால் ‘ரிசீவ்’ அல்லது ‘டிடெக்ட்’. வழியில் பாண் வாங்கி வருவதென்றால் ‘பை’. பொலிஸார் ஒருவரை என்றால் ‘அரெஸ்ட்’ அல்லது ‘டிடெய்ன்’. முன்பின் அறியாத ஒருவரிடம் காதல் நாட்டத்தோடு பேச்சுக் கொடுத்து நெருங்குவதையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வதுண்டு. ஆதலால், பஸ் தரிப்பிடத்தில் நின்ற பெண்ணைத் தம் வாகனத்தில் ஏற்றிச்சென்றதை எழுதுபவர் ‘கேவ் ஹேர் எ லிஃப்ட்’ என்று எழுதிவிடுவது நல்லது.

சொல் வரிசையிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வந்தால் ‘பிக் அப் த பாஸ்கட்’, ‘பிக் த பாஸ்கட் அப்’ இரண்டும் சரி. சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘பிக் இட் அப்’, ‘பிக் தெம் அப்’. ‘பிக் அப் இட்’ என்று எழுதினால் புள்ளி குறையும். பெயர்ச்சொல்லாக ஒரே சொல்லாய்ச் சேர்த்து எழுதும்போது ஒலியழுத்தம் ‘பிக்’ என்பதில் விழும். வினையாக வரும்போது பெரும்பாலும் ‘அப்’ என்பதில் விழும். வாய்மொழிப் பரீட்சைக்குச் செல்பவர் இதைச் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும்.

ஒத்த சொல்லைத் தேர்ந்தபின் கடைசியாக ஒரு சோதனை இருக்கிறது: அதை வாக்கியத்தில் பொருத்தி, யாருக்கு எழுதுகிறோம் என்று பாருங்கள். தோட்ட அத்தியட்சகருக்கு, கடிதத்தைத் திங்கட்கிழமை வந்து பெற்றுக்கொள்வதாக எழுதும்போது ‘கலெக்ட்’. அதே செய்தியைத் தம்பிக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பும்போது ‘பிக் அப்’.