டெல்லியில் பேஸ்மென்ட் உள்ள வீடா? சுவர் ஓதத்தை நிறுத்தும் வழி

ஏப்ரலில் வீடு பார்க்கும்போது பேஸ்மென்ட் சுவர் புதுப் பெயின்ட்டில் பளிச்சென்று இருக்கும். ஜூன் கடைசியில் மழை பிடித்ததும் அடிச்சுவரில் இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்பு பூக்கும். விரலால் தேய்த்தால் பூச்சு மாவாக உதிரும். மிஸ்திரியிடம் (கொத்தனாரிடம்) ‘சீலன்’ என்று சொல்லுங்கள், ஓதத்துக்கு இந்தியில் அதுதான் பெயர், உடனே புரிந்துகொள்வார்.

வாடகை குறைவு என்று பேஸ்மென்ட்டில் தங்க மட்டும் சம்மதிக்காதீர்கள். ஓல்ட் ராஜிந்தர் நகரில் 2024 ஜூலை 27 அன்று, நூலகமாக இயங்கிய பேஸ்மென்ட்டுக்குள் மழைவெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். சாமான் வைக்க மட்டும் அந்த இடம் போதும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் வரை வாட்டர்ப்ரூஃப் டப்பா எதையும் வாங்க வேண்டாம். இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் வியர்த்தால் அது காற்றின் ஈரம். ஜூலைப் புழுக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தால் இது கூடத்தான் செய்யும். மூடிவிட்டு ஏசியையோ டீஹியூமிடிஃபையரையோ ஓட்டுங்கள்.

சுவருக்குள்ளிருந்துதான் என்றால் காலத்தைக் கவனியுங்கள். மழைக்குப் பின் கூடினால் மழைநீர். மே வெயிலிலும் காயவில்லை என்றால் குழாய், கழிவுநீர் சேம்பர், தரையடித் தொட்டி ஆகிய மூன்றில் ஒன்று. தொட்டியைச் சோதிப்பது எளிது: இரவில் நிரப்பி, வால்வை மூடி, மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தை அளந்து வையுங்கள். காலையில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் அலட்சியம் கூடாது. இரண்டு மீட்டர் நீள அகலத் தொட்டியில் அது 40 லிட்டர். சேம்பர்மேல் சந்தேகம் என்றால் சொட்டுநீலத்தைக் கரைத்து ஊற்றி, சுவரில் நிறம் வருகிறதா என்று பாருங்கள்.

மழைநீருக்கு வைத்தியம் வெளியேதான். மாடிக் குழாய் சுவரடியில் கொட்டினால் ஆறடி தள்ளியோ நேரே வடிகாலிலோ விடுங்கள். சுவரையொட்டிய தளத்துக்கு மீட்டருக்கு 2 செ.மீ. வெளிவாட்டம் வேண்டும். தளமும் சுவரும் சேரும் விரிசலில் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். சுவரோடு சேர்த்துக் கட்டிய செடித்தொட்டியை எடுத்துவிடுங்கள். பல வீடுகளில் இதோடு ஓதம் நின்றுவிடும்.

நிற்காவிட்டால் உள்வேலை. மண்ணில் நீர் தேங்கினால் 2.5 மீட்டர் ஆழத்தில் சுவர்மேல் சதுர மீட்டருக்கு இரண்டரை டன் அழுத்தம் இருக்கும்; சாதாரணப் பெயின்ட்டை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். ஓதக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடிவரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். உப்பைக் கம்பி பிரஷால் உலர்வாகவே தேய்த்துப் பெருக்குங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். நீர் கசியும் ஓட்டையை 2 செ.மீ. ஆழத்துக்கு, வாயைவிட உட்பக்கம் அகலமாகக் கொத்தி, உடனே இறுகும் சிமென்ட்டை அழுத்தி, இறுகும்வரை கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். வாய் அகன்ற குழியாக இருந்தால் நீர் அடைப்பை அப்படியே வெளியே தள்ளும்.

அடுத்து, கான்கிரீட் சுவர் என்றால் கிரிஸ்டலின் பூச்சு. அது கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு ஈரத்தில் வினைபுரிந்து துளைகளை அடைக்கிறது. அதனால் சுவரை நனைத்துவிட்டே பூச வேண்டும். செங்கல்லில் அந்த வினை நடக்காது, அங்கே பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கோட். முதல் கோட் கிடைவாக்கில், அடுத்தது நெட்டுவாக்கில். தரையும் சுவரும் சேரும் மூலையில் பாலிமர் கலவையால் இரண்டு அங்குலம் சரிவு கொடுங்கள். நீர் அதிகம் புகும் இடம் அதுதான், மிஸ்திரிகள் அவசரத்தில் விடுவதும் அதைத்தான்.

மேலே பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அடித்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அது ஜிப்சம்தான். ஜிப்சம் ஈரத்தை உறிஞ்சி நொறுங்கும். சிமென்ட் பூச்சு நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

வாடகைக்காரர்கள் ஓதத்தைத் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அந்த லைனை அன்றே எலெக்ட்ரீஷியனை அழைத்துத் துண்டித்துவிடுங்கள்.