கிடாரிக் கன்றைத் தாவணிக்குப் பழக்குவது எப்படி? (ஒரு தடவை கோட்டை விட்ட பிறகு எழுதியது)

எங்கள் பக்கம் மாட்டுச் சந்தைக்குத் தாவணி என்று பேர். ஓலப்பாளையத்துக்குப் பக்கத்தில், கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிச் சித்திரையில் கூடுவது காங்கேயம் மாடுகளுக்கென்றே நடக்கிற தாவணி. என் கிடாரியை அங்கே ரெண்டு வருசம் கூட்டிப் போனேன். முதல் வருசம் மானம் போனது. ரெண்டாம் வருசம் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்து விலை கேட்டார்கள். நடுவில் என்ன மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு. நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். சாணி வழிக்கவும் தண்ணி காட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கன்று

சொந்தக் கட்டுத்தரையில் பிறந்ததாக இருந்தால் நல்லது, தாயின் குணம் தெரியும். சின்னக் காது, நேரான முதுகு, கறுத்த வால்குஞ்சம் இருக்கிறதா என்று பாருங்கள். சுழி (உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடம்) பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வாங்க வருகிறவர் சுழி பார்க்காமல் போகமாட்டார், அதனால் நீங்களும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. தீனி

இதைப் பற்றி எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். பகலில் கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) கொழுக்கட்டைப் புல், வேசைகாலத்தில் (கோடையில்) உதிர்கிற வெள்வேலங்காய். சாயங்காலம் தவிட்டோடு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. வாரத்தில் ரெண்டு நாள் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பேன். மழை பிந்தி வாடி நிற்கிற இளஞ்சோளப் பயிரில் மட்டும் வாய் வைக்க விடாதீர்கள், அதில் விஷம் இருக்கும், மாடு செத்துப்போகும். தாவணிக்கு முந்தின வாரம் "மினுமினுப்பு வரும்" என்று புதுசாக எதையும் கொடுக்கவேண்டாம். கழிச்சல்தான் வரும்.

3. கயிறு

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். விலை குறைவு, அறாது, எல்லாம் சரி. கன்று ஒரு இழுப்பு இழுத்தால் உங்கள் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விடும். தேங்காய்நார் கயிறு கன்றின் தாடையை அறுக்கும். முறுக்கின நூல் கயிறு வாங்குங்கள். நான் கிடாரிக்கு மூக்குக் குத்தவில்லை, தலைக்கயிறே போதும்.

கழுத்தில் உருவாஞ்சுருக்கு போடக்கூடாது, இழுக்க இழுக்க இறுகும். முளைக்குச்சியில் கட்டுகிற பக்கம் மட்டும் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சு இருக்கட்டும். இன்னொன்று: கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். ஏன் என்று அடுத்ததில் தெரியும்.

4. அந்நியர் கை

முதல் வருசம் கிடாரிக்குப் பத்து மாசம். வீட்டில் நாய்க்குட்டி மாதிரி என் பின்னாலேயே வருவாள். தாவணியில் ஒரு தரகர் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, கீழுதட்டை விலக்கிப் பல் பார்த்தார். அவ்வளவுதான், துள்ளினாள். கயிற்றை நான் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். பத்தடி தூரம் புழுதியில் இழுபட்டேன். அவள் அங்கே கட்டிக்கிடந்த காளைகளுக்குள் பூந்து ஓடி, நாலு பேர் துரத்திப் பிடித்தார்கள். அப்பாரு (தாத்தா) என் கையைக் கழுவிவிட்டுக்கொண்டே சொன்னார்: "கன்னு மேல தப்பில்ல சாமி. உன்ற கையத் தவுர வேற கை படாம வளத்துட்ட."

தாவணியில் யாரும் உங்களைக் கேட்டுத் தொடமாட்டார்கள். உதட்டை விலக்குவார்கள், திமிலை அமுக்குவார்கள், வாலைத் தூக்குவார்கள், காலைத் தட்டிக் குளம்பு பார்ப்பார்கள். இது அத்தனையும் வீட்டிலேயே நடந்திருக்கவேண்டும்.

முதலில் நீங்களே செய்யுங்கள். திமிலிலிருந்து வால் வரை தடவி, அப்புறம் காது, கால், கடைசியாக உதடு. விரலில் கொஞ்சம் வெல்லம் தடவிக்கொண்டால் வாய் தானாகத் திறக்கும். நான் மாசக்கணக்கில் தப்பாகச் செய்தது இதில்தான்: அவள் உதறினால் "பாவம்" என்று கையை எடுத்துவிடுவேன். உதறினால் கை போய்விடும் என்று அவள் கற்றுக்கொண்டாள். மாற்றிச் செய்யவேண்டும். உதறும்போது கை மெதுவாக அங்கேயே இருக்கட்டும். அவள் அசையாமல் நிற்கிற அந்த நொடியில் எடுங்கள். நடை பழக்குவதும் அப்படியே, ஒரு எட்டு வைத்தவுடனே கயிற்றைத் தளர்த்திவிடவேண்டும்.

அப்புறம் வெளியாட்கள். பால்காரர், தபால்காரர், ஹெல்மெட் போட்ட மாமன், குடை பிடித்த பக்கத்துத் தோட்டத்து அத்தை, வந்தவர்களை எல்லாம் "ஒருக்கா பல்லப் புடிச்சுப் பாருங்க" என்று கெஞ்சினேன். ஊரே சிரித்தது. மூணு மாசத்தில் யார் உதட்டைத் தொட்டாலும் அசைபோட்டுக்கொண்டு நின்றாள்.

5. வண்டி

சின்ன யானையில் (குட்டிச் சரக்கு வண்டியில்) ஏற்றுவதைத் தாவணி அன்றைக்கு முதல் தடவையாகச் செய்யாதீர்கள். வண்டியை எருக்குழி மேட்டுக்குப் பின்வாங்கி நிறுத்தினால் ஏற்றம் குறையும். தரையில் மணலும் மேலே கூளமும் போட்டால் கால் வழுக்காது. ரெண்டு தடவை சும்மா ஏற்றி, தீனி வைத்து, இறக்கிவிடுங்கள்.

6. ஊசி

கோமாரித் தடுப்பூசி ஆறு மாசத்துக்கு ஒருதரம். தாவணிக்கு மூணு வாரம் முன்பே போட்டுவிட்டால்தான் எதிர்ப்பு வந்திருக்கும். காதுவில்லையில் இருக்கிற 12 இலக்க எண்ணைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடற்புழு மருந்தும் அந்தச் சமயத்திலேயே.

7. அன்றைக்கு

விடியும் முன்னே போய் மர நிழலைப் பிடியுங்கள், சித்திரை வெயில் சும்மா விடாது. ஊர்த் தண்ணி புதுசாக இருந்தால் குடிக்கமாட்டாள். ரெண்டு குடம் வீட்டுத் தண்ணி, ஒரு கை தவிடு கொண்டுபோங்கள். ஷாம்பு வேண்டாம், வைக்கோலைச் சுருட்டித் தேய்த்துக் குளிப்பாட்டினாலே போதும். ஆள் வந்தால் முன்னங்கால் ரெண்டும் சமமாக நிற்க, தலை கொஞ்சம் தூக்கியிருக்கப் பிடியுங்கள். விலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பின்சேர்க்கை: "செவலைக் கன்று என்று வாங்கினேன், வெளுத்துக்கொண்டே வருகிறது, நோயா?" என்று மூணு பேர் கேட்டுவிட்டீர்கள். நோயில்லை. காங்கேயம் கன்று பெரும்பாலும் செவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாசத்துக்கு மேல் மயிலையாக (சாம்பல் கலந்த வெள்ளையாக) மாறும்.

இன்னொரு பின்சேர்க்கை: விற்காமல் திரும்பக் கொண்டுவந்தால் நேரே மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். அங்கே எந்த மாட்டின் மூச்சு பட்டதோ தெரியாது. மூணு வாரம் தனியாகக் கட்டி, வாய், குளம்பு ரெண்டையும் தினமும் பாருங்கள். நான் புளியமரத்தடியில் கட்டினேன். ராத்திரி முழுக்கத் தாயைக் கூப்பிட்டுக் கத்தினாள். மூணாம் நாள் பக்கத்துத் தோட்டத்து அத்தை வந்து, வழக்கம்போல உதட்டை விலக்கிப் பல் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, கொண்டுபோய்க் கட்டு கண்ணு, தூக்கமில்ல" என்றார். கட்டவில்லை.